அறியாதவருக்குச் செய்யும் சிற்றுபகாரம்



திருக்குர்ஆனின் 107வது ஸூராவுக்கு 'அல் மாஊன்' என்று பெயர். ஏழே ஆயத்துக்கள். மஃரிபிலோ இஷாவிலோ இமாம் அதை ஓத எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து நின்ற நாட்களில், நல்ல வேளை, சின்ன ஸூராவாக ஓதினார் என்று உள்ளூரச் சந்தோஷப்பட்டும் இருக்கிறோம். ஆனால் அதன் கருத்து சின்னதன்று. தீர்ப்பு நாளைப் பொய்யாக்குகிறவன் எவன் என்று அது முதலில் கேட்கிறது. அநாதையை விரட்டுகிறவனையும், ஏழையின் உணவுக்காக யாரையும் தூண்டாதவனையும் அதற்கு விடையாகக் காட்டுகிறது. பிறகு, நாம் எதிர்பாராத வகையில், தொழுகிறவர்கள் பக்கமே திரும்புகிறது. தொழுகையில் கவனமில்லாமல், பிறர் பார்க்க வேண்டுமென்று செய்துகொண்டு, 'மாஊன்' என்பதைக் கொடுக்க மனமில்லாதிருப்பவர்களுக்குக் கேடுதான் என்று முடிகிறது.

அது என்ன மாஊன்? ஜகாத்தைத்தான் குறிக்கும் என்று சொன்ன பெரியோர்கள் உண்டு. ஸஹாபியாகிய இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களோ, அண்டை அயலார் தங்களுக்குள் இரவல் கொடுத்து வாங்கும் வாளி, பானை, கோடரி போன்ற சில்லறைச் சாமான்களே அவை என்று விளக்கம் கூறியிருக்கிறார்கள். நமது கடைத்தெருவின் வழக்கில் சொன்னால், பக்கத்துக் கடைக்காரர் கேட்கும் ஏணி, மழையில் அகப்பட்டவர் கேட்கும் குடை, டிக்கெட் மிஷினில் போடுவதற்காக ஒருவர் கேட்கும் சில்லறை. தொழுகையும் வாளி இரவலும் ஒரே ஸூராவில் ஒரே மூச்சில் பேசப்படுகின்றன என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஐந்து வேளையும் முன் ஸஃப்பில் நிற்கும் ஒருவர், சில்லறை கேட்டவனிடம் தலை நிமிராமலே 'இல்லை' என்று சொல்லிவிட்டால் அதில் என்ன குற்றம் என்று நமக்குத் தோன்றும். அந்த ஸூராவுக்கு அப்படித் தோன்றவில்லை.

வாளி என்றதும் நபி மூஸா அலைஹிஸ்ஸலாம் அவர்களின் சரித்திரத்தில் வரும் கிணறு நினைவுக்கு வருகிறது. 28வது ஸூராவாகிய 'கஸஸ்' அதை விவரிக்கிறது. மிஸ்ரை விட்டு உயிருக்குப் பயந்து ஓடி வந்தவர்கள் மத்யன் என்னும் ஊரின் நீர்த்துறையை அடைகிறார்கள். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. கையில் காசில்லை, தங்க இடமில்லை. மேய்ப்பர்கள் கூட்டமாகத் தங்கள் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருக்க, இரண்டு பெண்கள் மட்டும் தங்கள் ஆடுகளைத் தடுத்துப் பிடித்தபடி ஒதுங்கி நிற்கிறார்கள். விஷயம் என்னவென்று மூஸா நபி விசாரிக்கிறார்கள். தகப்பனார் வயோதிகர், மேய்ப்பர்கள் போகும்வரை தங்களுக்குத் தண்ணீர் இறைக்க வழியில்லை என்று அப்பெண்கள் சொல்கிறார்கள். மூஸா நபி இறைத்துக் கொடுத்துவிட்டு நிழலுக்குச் சென்று உட்காருகிறார்கள். தாம் யார் என்று சொல்லவில்லை, சாப்பாடு கிடைக்குமா என்று கேட்கவுமில்லை. தம் ரப்பை நோக்கி மட்டும், நீ எந்த நன்மையை இறக்கித் தந்தாலும் எனக்கு அது தேவையாகவே இருக்கிறது என்ற கருத்தில் ஒரு துஆச் செய்கிறார்கள்.

அந்தத் துஆவுக்கு வந்த பதிலைப் பாருங்கள். அது வானத்திலிருந்து மேஜையாக இறங்கவில்லை. அவ்விரு பெண்களில் ஒருத்தி நாணத்தோடு நடந்து வந்து, தகப்பனார் அழைக்கிறார் என்று சொன்னாள், அவ்வளவுதான். அந்த நடையில் மூஸா நபிக்கு உணவு வந்தது, அடைக்கலம் வந்தது, எட்டு அல்லது பத்து வருஷத்து உத்தியோகம் வந்தது, மனைவியும் வந்தார். அந்தத் தவணை முடிந்து குடும்பத்தோடு புறப்பட்ட பயணத்தில்தான் தூர் மலையருகே நெருப்பைக் கண்டார்கள், நுபுவ்வத்தும் வந்தது. அப்பெண்களின் கஷ்டத்துக்குப் பதிலாக அல்லாஹ் மூஸா நபியை அனுப்பினான். மூஸா நபியின் கஷ்டத்துக்குப் பதிலாக அப்பெண்ணை அனுப்பினான். இருவருக்கும் அந்த நேரத்தில் தெரிந்ததெல்லாம் ஆடும் தண்ணீரும்தான்.

இந்தக் கட்டுரையில் நாம் சொல்ல வருவதும் இதுவே. முன்பின் அறியாத ஒருவர் எங்கோ இருந்து கேட்ட துஆவுக்குரிய பதில், நம் கை வழியாகப் போக வேண்டுமென்று எழுதப்பட்டிருக்கலாம். எந்தத் துஆ, எப்போது கேட்டது என்பது நமக்குத் தெரியப்போவதில்லை. கை மட்டும் நம்முடையது.

இதைக் கிதாபில் மட்டும் தேட வேண்டியதில்லை. நமது கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே எல்லோரும் கண்ணாரக் கண்ட ஒன்று உண்டு. கொரோனா நோய்க் காலத்தில், 2021ம் வருஷம் ஜூன் முதல் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு மறுபடியும் வந்தது. தினக்கூலிக்காரர்கள், சின்னக் கடைக்காரர்கள், வேலை போனவர்கள் எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தார்கள். அம்மாதக் கடைசியில் வீடுகளின் ஜன்னலிலும் கதவிலும் வெள்ளைத் துணி தொங்க ஆரம்பித்தது. 'பெண்டேரா பூத்தே', அதாவது வெள்ளைக் கொடி. இந்த வீட்டில் சாப்பாட்டுக்குக் கஷ்டம் என்பது அதன் பொருள். யாரிடமும் வாய்விட்டுக் கேட்க வேண்டாம், மனுப் போட வேண்டாம், ஒரு துண்டுத் துணி போதும். வழியே போனவர்கள் பார்த்தார்கள். அரிசியும் முட்டையும் பால் டின்னும் கொண்டுவந்து வைத்தார்கள். மலாய்க்காரர் வீட்டுக்குச் சீனர் கொண்டு போனார், தமிழர் வீட்டுக்கு மலாய்க்காரர் கொண்டு வந்தார். சில கடைகளில் வாசலில் மேஜை போட்டு, வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதி வைத்தார்கள்.

அச்சமயம் ஒரு வாதம் கிளம்பியது. கொடி ஏற்றித் தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டாம், கையேந்தி அல்லாஹ்விடம் துஆக் கேளுங்கள் என்று சிலர் உபதேசம் செய்தார்கள். அதைக் கேட்டு நாட்டில் பலருக்கு வருத்தம் உண்டாயிற்று. துஆக் கேட்பது தவறென்று எந்த முஸ்லிமும் சொல்லமாட்டான். ஆனால் அந்தக் கொடிக்குப் பின்னால், விடியற்காலையில் முஸல்லாவில் உட்கார்ந்து கையேந்தியவர்கள் இருக்கமாட்டார்கள் என்று யார் சொன்னது? பத்து மணிக்கு வாசலில் ஓர் அரிசிப் பை வந்து இறங்குகிறதே, அது துஆவின் பதில் அல்லாமல் வேறென்ன? கை தட்டிக் கேளாத காரணத்தால், விவரமறியாதவர் செல்வந்தர் என்று எண்ணிவிடும் ஏழைகளைப் பற்றி 'பகரா' ஸூரா பேசுகிறது. அவர்களை அடையாளத்தைக் கொண்டே அறிய வேண்டும் என்பது அதன் கருத்து. அந்த வருஷம் அடையாளம் வெள்ளைத் துணியாக இருந்தது. மற்ற வருஷங்களில் துணி இராது. நம் கண்தான் தேட வேண்டும்.

அதே வருஷம் டிசம்பரில் பெருவெள்ளம் வந்தபோது, கிள்ளானுக்கு அருகில் ஸ்ரீ மூடாவில் கூரைமேல் ஏறி நின்றவர்களை, முன்பின் தெரியாத ஆட்கள் சொந்தப் படகு கொண்டுவந்து இறக்கினார்கள். சீக்கியரின் குருத்வாராவில் இரவு பகலாகச் சமைத்து அனுப்பினார்கள். இவையெல்லாம் புகழத்தக்கவையே. ஆயினும் ஆபத்துக் காலத்தில் எல்லார் மனமும் இளகிவிடும். தெருவில் தண்ணீர் வடிந்து, கடை திறந்து, கணக்கு எழுதத் தொடங்கிய பிறகு வரும் சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் மனம் எப்படி இருக்கிறது என்பதுதான் கஷ்டமான கேள்வி.

கணக்கு என்ற பேச்சு வந்ததால் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. நாம் வியாபாரிகள். எதைச் செய்தாலும் வரவு என்ன, செலவு என்ன என்று கேட்டுப் பழகியவர்கள். பயான் செய்பவர்களும் நமக்குப் புரியும்படி பேசவேண்டுமென்று, ஒன்று கொடுத்தால் பத்து வரும், எழுநூறு வரும் என்று சொல்கிறார்கள். அந்த வாக்கு உண்மையே, அதில் சந்தேகமில்லை. ஆனால் அதை மட்டுமே கேட்டுக் கேட்டு, உபகாரத்தையும் ஒரு முதலீடாக எண்ணத் தொடங்கிவிட்டோம். போன மாதம் ஸதக்கா கொடுத்தேன், இந்த மாதம் வியாபாரம் ஏன் ஏறவில்லை என்று கேட்கும் சகோதரர்களைப் பார்க்கிறோம். 76வது ஸூராவில் அல்லாஹ் புகழ்கிற நல்லடியார்களோ, உணவளிக்கும்போது கூலியையும் நன்றியையும்கூட எதிர்பாராதவர்கள். பத்துமடங்கு அவன் தருவது, அது அவன் பேரேடு. நமது பேரேட்டில் அதற்குப் பக்கம் கிடையாது.

நிற்க. மூஸா நபியின் சரித்திரத்தில் மற்றொரு சம்பவம் 'கஹ்பு' ஸூராவில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் நம்மில் பலர் ஓதும் ஸூரா. ஹிழ்ரு (அலை) அவர்களோடு மூஸா நபி ஓர் ஊருக்குப் போய் உணவு கேட்கிறார்கள். ஊரார் மறுத்துவிடுகிறார்கள். வந்த பயணிகளுக்கு ஒரு வேளை சோறு போடாத அந்த ஊரில், விழும் நிலையிலிருந்த ஒரு சுவரை ஹிழ்ரு (அலை) நிமிர்த்திக் கட்டுகிறார்கள். நீங்கள் நினைத்திருந்தால் இதற்குக் கூலி வாங்கியிருக்கலாமே என்கிறார்கள் மூஸா நபி. நியாயமான பேச்சுத்தான். வயிறு பசிக்கிறது, வேலையோ நடந்திருக்கிறது. பின்னால்தான் விளக்கம் வருகிறது. அந்தச் சுவர் இரண்டு அநாதைப் பிள்ளைகளுடையது, அதன் கீழே அவர்களுக்குரிய புதையல் இருந்தது, அவர்களுடைய தகப்பனார் ஸாலிஹானவர், பிள்ளைகள் பெரியவர்களாகி அதை எடுத்துக்கொள்ள வேண்டுமென்பது ரப்பின் நாட்டம், நானாக எதையும் செய்யவில்லை என்றார்கள் ஹிழ்ரு (அலை).

மார்க்க அறிஞர்கள் சிலர் இங்கே ஓர் அழகான நுட்பத்தை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். மத்யனில் கூலி பேசாமல் தண்ணீர் இறைத்துக் கொடுத்த அதே மூஸா நபிதான் இங்கே கூலியைப் பற்றிக் கேட்கிறார்கள். கப்பலில் துளை போட்டபோது, தாம் குழந்தையாகப் பெட்டியில் ஆற்றில் மிதந்து தப்பியது நினைவுக்கு வரவில்லை. சுவரைக் கட்டியபோது, கிணறு நினைவுக்கு வரவில்லை. நபிமார்களுக்கே ஒரு காரியத்தின் உள்நோக்கம் உடனே தெரிவதில்லையென்றால், கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நமக்கு எங்கே தெரியப்போகிறது? அந்தப் பிள்ளைகளுக்கும் தெரியாது. பிற்காலத்தில் புதையலை எடுத்தபோது, வழிப்போக்கர் இருவர் பசியோடு வந்து நம் சுவரைக் கட்டிப் போனார்கள் என்று யாராவது அவர்களிடம் சொல்லியிருப்பார்களா?

கோலாலம்பூர் கம்போங் பாருவில் நோன்புக் காலத்தில் அஸருக்குப் பின் போய்ப் பார்த்தவர்களுக்கு 'பூபோர் லம்போக்' தெரியும். இறைச்சியும் தேங்காய்ப் பாலும் மசாலாவும் சேர்த்துக் காய்ச்சிய கஞ்சி, நம் நோன்புக் கஞ்சிக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று வைத்துக்கொள்ளலாம். ஜாமிஉப் பள்ளிவாசலில் பெரிய பெரிய பாத்திரங்களில் அதைக் காய்ச்சி, தினமும் ஆயிரக்கணக்கான பொட்டலங்களாக, வந்து நின்றவர்களுக்கெல்லாம் கொடுக்கிறார்கள். அதன் ஆரம்பத்தைக் கேட்டால், 1949ல் அப்பள்ளிக்கு வந்துபோன ஸயித் பெங்க் என்ற பாகிஸ்தானியர் ஒருவர் காய்ச்சியது என்று சொல்கிறார்கள். அவர் காய்ச்சியது பள்ளியில் உடனிருந்தவர்களுக்காக. எழுபது வருஷத்துக்கு மேலாக ஊரே வரிசையில் நிற்கப்போகிறது என்று எண்ணியா அடுப்பு மூட்டியிருப்பார்? நமது மஸ்ஜித் இந்தியாவிலும், கிள்ளானில் நமது பள்ளியிலும் தூக்கை நீட்டியவனைப் பார்த்து நீ யார், எந்த ஊர், நோன்பா என்று கேட்காமல் கஞ்சி ஊற்றுவது நாம் செய்துவரும் நல்ல வழக்கம். அந்தக் கேள்வி கேட்காத கையை ஷவ்வால் பிறந்ததும் மடித்து வைத்துவிடுகிறோமோ என்பதுதான் நம் கவலை.

ஏனெனில் கடைக்குள் நிலைமை வேறாயிருக்கிறது. வாடிக்கைக்காரரிடம் நாம் இனிமையாகப் பேசுகிறோம். அது நல்லதே, ஆனால் அது வியாபாரத்தின் பகுதி. எதுவும் வாங்காமல் வழி கேட்க மட்டும் வந்தவன், கால் கழுவத் தண்ணீர் கேட்டவன், போனுக்குச் சார்ஜ் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டவன், இவர்களிடம் நமது முகம் எப்படியிருக்கிறது? வங்காள தேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்து உழைப்பவர்கள் நம் கடைகளில் வந்து நிற்கிறார்கள். வயதில் மூத்தவராயினும் 'டேய்' என்றும், 'பங்ளா' என்றும் கூப்பிடுவது சில இடங்களில் சகஜமாகிவிட்டது. நம் பாட்டனார்கள் நாகப்பட்டினத்தில் ராஜுலாக் கப்பல் ஏறி, போர்ட் சுவெட்டன்ஹாமில் தகரப் பெட்டியோடு இறங்கியவர்கள்தாமே. (1972ல்தான் அது போர்ட் கிள்ளான் ஆயிற்று.) அவர்களையும் பெயர் கேளாமல் 'கிளிங்' என்று கூப்பிட்டவர்கள் இருந்தார்கள். அந்தச் சொல் நம் வீட்டில் எப்படி வலித்தது என்பதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். மற்றொரு சொல்லும் உண்டு. நம் சாப்பாட்டுக் கடையை நாடே 'மாமாக்' என்கிறது. அது நம் வீட்டு 'மாமா' அன்றி வேறில்லை. அறியாதவனை உறவுமுறை சொல்லி அழைக்கும் வழக்கம் நம்மிடமிருந்து இந்நாட்டுக்குப் போயிருக்கும்போது, நாமே அதை விட்டுவிடுவது சரியாகுமா?

ஒருவர் கடன் கொடுத்து வியாபாரம் செய்துவந்தார், வசூலுக்கு அனுப்பும் பணியாளிடம், கஷ்டப்படுகிறவனைக் கண்டால் விட்டுவிடு, அல்லாஹ் நம்மையும் விட்டுவிடக்கூடும் என்று சொல்லி அனுப்புவார், அல்லாஹ்வும் அவ்வாறே அவரை விட்டுவிட்டான் என்ற கருத்துள்ள ஹதீது புகாரியில் இருக்கிறது. நாய்க்குக் காலணியில் தண்ணீர் மொண்டு கொடுத்த ஒழுக்கம் கெட்ட பெண்ணின் பாவம் மன்னிக்கப்பட்ட ஹதீதும் அங்கேதான். இவற்றை நாம் அடிக்கடி கேட்கிறோம். பாதையில் கிடந்த முட்கிளையை அகற்றியவருக்கு மன்னிப்பளிக்கப்பட்டதையும், ஈமானின் எழுபதுக்கு மேற்பட்ட கிளைகளில் மிகத் தாழ்ந்தது பாதையில் இடைஞ்சலை அகற்றுவது என்பதையும் கேட்கிறோம். ஆனால் அந்தப் பாதையைப் பற்றித்தான் வியாபாரிகளாகிய நம்மிடம் கொஞ்சம் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்ற சகோதர சகோதரிகள் ஏராளமாக நடமாடுகிறார்கள். 1951ல் உண்டான மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கே இருக்கிறது. மஸாஜ் தொழில் செய்து சொந்த உழைப்பில் வாழ்கிறவர்களும் பலர். அவர்கள் கால் தடவி நடப்பதற்காக நடைபாதையில் மேடு வைத்த மஞ்சள் கற்களைப் பதித்திருக்கிறார்கள். அந்த மஞ்சள் கோட்டின்மேல் என்னென்ன இருக்கின்றன என்று ஒரு நாள் நின்று பாருங்கள். மோட்டார் சைக்கிள், விளம்பரப் பலகை, பிளாஸ்டிக் நாற்காலி, சரக்குப் பெட்டி. கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் நமது கடைகளுக்கு முன்னுள்ள ஐந்தடிப் பாதைகள் இதைவிட மேலாக இல்லை. முட்கிளையை அகற்றியவருக்குச் சொர்க்கமென்றால், கிளையைக் கொண்டுவந்து போட்டவருக்கு என்ன என்று ஹதீதைக் கேட்ட எவரும் எண்ணிப் பார்க்கலாம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பாதையோரத்தில் உட்காருவதைத் தவிர்க்கும்படி தோழர்களிடம் கூறியபோது, எங்களுக்கு வேறு இடமில்லையே என்று அவர்கள் முறையிட்டார்கள். அப்படியானால் பாதைக்குரிய ஹக்கைக் கொடுத்துவிடுங்கள் என்று பெருமானார் அனுமதித்தார்கள். பார்வையைத் தாழ்த்துவதும், இடையூறு செய்யாதிருப்பதும், ஸலாமுக்குப் பதில் சொல்வதும், நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பதும் அந்த ஹக்கு. எங்களுக்கு வேறு இடமில்லை என்பது இன்று நமது வார்த்தையும்கூட. வாடகை ஏறிக் கிடக்கிறது, கடை குறுகல், சரக்கை எங்கே வைப்பது? உண்மைதான். அந்தத் தோழர்களின் கஷ்டமும் உண்மையானதே. ஹக்கு அதனால் தள்ளுபடியாகவில்லை.

பார்வையற்றவர் என்றதும் 'அபஸ' ஸூராவை நினையாதிருக்க முடியாது. குறைஷித் தலைவர்களோடு பெருமானார் பேசிக்கொண்டிருந்த வேளையில் கண் தெரியாத இப்னு உம்மி மக்தூம் (ரலி) வந்து தமக்குக் கற்றுத் தரும்படி கேட்டார்கள். அப்போது இறங்கிய ஆயத்துக்கள் கியாமத்து வரை ஓதப்படுகின்றன. பெருமானார் அதன்பின் அவர்களை எவ்வளவோ கண்ணியப்படுத்தினார்கள். மதீனாவில் பாங்கு சொல்லும் பொறுப்பைக் கொடுத்தார்கள், வெளியூர் சென்ற சமயங்களில் ஊரையே அவர்கள் பொறுப்பில் விட்டுச் சென்றார்கள். பெரிய கிராக்கி ஒருவர் மேஜைமுன் உட்கார்ந்திருக்க, வாசலில் வெள்ளைக் கோலோடு ஒருவர் வழி கேட்டு நிற்கும் நேரம் நமக்கும் வரும்.

அப்போது எப்படி உதவுவது என்று தெரியாமல் பலர் தவறாகச் செய்துவிடுகிறோம். கோலைப் பிடித்து இழுக்கிறோம், தோளைப் பிடித்துத் தள்ளுகிறோம், கேளாமலே சாலையைக் கடத்திவிடுகிறோம். முதலில் ஸலாமோ வணக்கமோ சொல்லி, உதவி வேண்டுமா என்று கேட்க வேண்டும். வேண்டாமென்றால் விட்டுவிட வேண்டும், அதில் கோபத்துக்கு இடமில்லை. வேண்டுமென்றால் நாம் அவரைப் பிடிக்காமல், நமது முழங்கைக்கு மேலே அவர் பிடித்துக்கொள்ளும்படி கையைக் கொடுத்து, அரையடி முன்னால் நடக்க வேண்டும். படி வந்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்ல வேண்டும். போய்ச் சேர்ந்ததும் சொல்லாமல் நழுவிவிடக் கூடாது. காலியான இடத்தோடு அவர் பேசிக்கொண்டு நிற்பார். எந்தக் கடைக்கு முன்னால், எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார் என்பதைச் சொல்லி, நான் போகிறேன் என்று ஸலாம் கூறிவிட்டு வரவேண்டும். திரும்பி வரும் வழியில் அந்த நாற்காலியையும் பெட்டியையும் உள்ளே எடுத்துப் போடலாம்.